சூழ்ச்சியால் பள்ளியை உயர்த்திய தலைமையாசிரியர்: சொல்லின் சாயலை எப்படிக் கற்பிப்பது?

கரும்பலகை:

ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். சென்ற வாரம் ‘எங்கள் தலைமையாசிரியர்’ என்ற தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் இப்படித் தொடங்கியிருந்தான்: “எங்கள் தலைமையாசிரியர் தமது இடைவிடாத சூழ்ச்சியால் இப்பள்ளியை உயர்த்தினார்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனை அழைத்துக் கேட்டேன். ‘திட்டமிடுதல்’ என்று எழுதினால் எல்லாரையும்போல இருக்கும் என்று பழைய அகராதி ஒன்றைப் புரட்டினானாம். ‘சூழ்ச்சி: ஆலோசனை’ என்று இருந்ததாம். மறுநாள் அகராதியையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். அப்படித்தான் இருக்கிறது. சொல்லுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். ஓரத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கோட்டோடு விட்டுவிட்டேன்.

அடுத்த பாடமே சொற்களின் சாயலும் (பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் உணர்வு) ஒப்புமையும்தான். நான் வழக்கமாகச் செய்வது மூன்று கட்டம் போட்ட அட்டவணை: நல்ல சொல், கெட்ட சொல், நடுநிலைச் சொல். ‘உறுதி’ நல்லது, ‘பிடிவாதம்’ கெட்டது என்று பிள்ளைகள் மளமளவென்று நிரப்பிவிடுவார்கள். ஆனால் இம்முறை ஒரு சிறுமி எழுந்து, ‘குழந்தை’ என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டாள். “அவள் குழந்தை மனம் கொண்டவள்” என்றால் பாராட்டு, “நீ என்ன குழந்தையா?” என்றால் திட்டு. அட்டவணை அங்கேயே விழுந்துவிட்டது.

ஒப்புமையிலும் இதே கதை. மருத்துவர் : நோயாளி :: ஆசிரியர் : ? என்று எழுதிப் போட்டேன். ‘மாணவர்’ என்று வகுப்பே கத்தியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “அப்படியென்றால் நாங்கள் எல்லாரும் நோயாளிகளா டீச்சர்?” அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. இந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்?

மெய்ப்புக்காரன்:

நான் ஆசிரியன் அல்லன், மெய்ப்புத் திருத்துபவன். பிறர் எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுவதே பிழைப்பு. அந்தப் பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அவன் சொன்னதில் பிழையே இல்லை, காலம்தான் பிழை. “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்” என்று 671ஆம் குறள் தொடங்குகிறது. ஆராய்ந்து பார்ப்பதன் முடிவு துணிவு கொள்வது என்று பொருள். அங்கே சூழ்ச்சியில் ஒரு துளி நஞ்சும் கிடையாது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் இருட்டு அறையும் தாழ்ந்த குரலும் நினைவுக்கு வருகின்றன.

‘நாற்றம்’ இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. “முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்” (குறள் 1274) என்று மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணத்தைக் காதலியின் அடக்கிய புன்னகைக்குள் இருக்கும் குறிப்புக்கு உவமையாக்கியிருக்கிறார் வள்ளுவர். இன்று யாரிடமாவது “உங்களிடமிருந்து நல்ல நாற்றம் வருகிறது” என்று சொல்லிப் பார்க்கட்டும். ஓரத்தில் எழுத வேண்டியது ‘தவறு’ அல்ல. ‘இந்தச் சொல் ஊர் மாறிவிட்டது’ என்று எழுதுங்கள்.

இரண்டாம்மணி:

அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள், கயிறு கட்டுங்கள். நான் இருபது ஆண்டுகளாக ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாடத்துக்குக் கயிற்றை மிஞ்சிய கருவி கிடையாது.

கரும்பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கயிறு. துணி உலர்த்தும் கவ்விகள் ஒரு கைப்பிடி. அட்டைகளில் சொற்கள்: சிக்கனம், செட்டு, கணக்குப் பார்ப்பது, இறுக்கிப் பிடிப்பது, கஞ்சத்தனம், கருமித்தனம். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையைக் கயிற்றில் எங்கே மாட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். ‘சிக்கனம்’ ஒரு முனைக்கும் ‘கருமித்தனம்’ மறு முனைக்கும் சண்டையின்றிப் போகும். ‘கணக்குப் பார்ப்பது’ நடுவில் அலையும். ஒருவன் இடப்பக்கம் நகர்த்துவான், இன்னொருத்தி வலப்பக்கம் இழுப்பாள். “பணத்தில் கணக்குப் பார்த்தால் நல்லது, உதவுவதில் கணக்குப் பார்த்தால் கெட்டது” என்று அவர்களில் ஒருவர் சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள். பாடம் அந்த இழுபறியில்தான் இருக்கிறது. நான் அவசரப்பட்டு விடையைச் சொல்லிக் கெடுத்த வகுப்புகள் பல.

நல்லது கெட்டது என்ற ஒரே கயிறு போதாது என்பதையும் கவனியுங்கள். 1957இல் ஆஸ்குட் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் சொற்களின் உணர்வுச் சாயலை அளக்க ஏழு படிகள் கொண்ட அளவுகோல்களைப் பயன்படுத்தினார்கள். நல்லது கெட்டது, வலியது மெலியது, துடிப்பானது மந்தமானது என்று மூன்று திசைகள் அவர்களுக்குத் தென்பட்டன. வகுப்பில் இரண்டாவது கயிறு ஒன்று கட்டினால் போதும். ‘கோபம்’, ‘சினம்’, ‘எரிச்சல்’, ‘ஆத்திரம்’, ‘வெறி’ ஆகியவற்றை வலிமைக் கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள். ‘சினம்’ என்ற அட்டையை என் பிள்ளைகள் எப்போதும் உயரமான இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அது அரசர்களுக்கு மட்டும் வருமாம்.

ஒல்லி, மெலிந்த, நோஞ்சான், பருமன், குண்டு, பூசினாற்போல் என்ற வரிசையும் நன்றாக ஓடும்.

வெண்சுண்ணம்:

கயிறு சரி. கடைசி வரிசை வேண்டாம்.

ஒரு முறை நானும் அதைச் செய்தேன். ‘நோஞ்சான்’ என்ற அட்டையை எடுத்த பையன் அதைக் கயிற்றில் மாட்டவில்லை. திரும்பி ஒரு நண்பனைப் பார்த்தான். அவ்வளவுதான். முப்பது தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. அந்த நண்பன் ஆண்டு முழுவதும் அந்தப் பெயரைச் சுமந்தான். உடல், நிறம், குடும்பம் பற்றிய சொற்களை நான் இப்போது தொடுவதே இல்லை.

பெயர்ச்சொல்லையும் உரிச்சொல்லையும் விட்டுவிட்டு வினைச்சொல்லுக்கு வாருங்கள். ‘பார்த்தான்’ என்ற ஒன்றே போதும்: நோக்கினான், முறைத்தான், வெறித்தான், எட்டிப்பார்த்தான், நோட்டம் விட்டான். ‘நடந்தான்’ இன்னும் நல்லது, நடித்துக் காட்டலாம்: உலவினான், பம்மினான், தள்ளாடினான், வீறுநடை போட்டான். நடித்துக் காட்டிய பிறகு எந்தப் பிள்ளையும் ‘பம்மினான்’ என்ற சொல்லை மறப்பதில்லை.

இரண்டாம்மணி:

வெண்சுண்ணம் சொல்வது சரி. என் வகுப்பில் அப்படி நடக்கவில்லை என்று எழுதத் தொடங்கினேன். நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன், அழித்துவிட்டேன். அந்த வரிசையை இனி எடுக்க மாட்டேன்.

நிழல்மரம்:

நான் பெற்றோர் கட்சி. வினைச்சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1974இல் லாஃப்டஸ், பால்மர் என்ற இருவர் செய்த சோதனை. கார்கள் மோதும் படத்தைக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன வேகத்தின் சராசரி மணிக்கு 32 மைலைக்கூடத் தொடவில்லை. ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்களுக்கு 40 மைலைத் தாண்டியது. எல்லாரும் பார்த்தவை அதே மோதல்கள். என் மகளிடம் இதைச் சொன்னேன். “அப்படியென்றால் தம்பி குவளையை ‘உடைத்தான்’ என்று சொல்லாமல் குவளை ‘உடைந்தது’ என்று சொன்னால் அவனுக்குத் திட்டு குறையும்” என்றாள். தன்வினை பிறவினைப் பாடம் இலவச இணைப்பு.

இன்னொரு விளையாட்டு, எங்கள் வீட்டில் நெடுநாளாக ஓடுகிறது. 1948இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு குணத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று அடுக்கிக் காட்டினார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் மண்டைக்கனம் பிடித்த முட்டாள் என்பதுபோல. எங்கள் வீட்டுச் சரக்கு:

நான் விசாரித்தேன். நீ துருவினாய். அவன் மூக்கை நுழைத்தான்.
நான் நினைவூட்டினேன். நீ நச்சரித்தாய். அவள் உயிரை வாங்கினாள்.
நான் யோசிக்கிறேன். நீ தயங்குகிறாய். அவன் தொடைநடுங்கி.

கடைசி வரி என் மகள் எழுதியது. ‘அவன்’ யார் என்று நான் கேட்கவில்லை.

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. நிழல்மரம் சொன்ன மூன்று வரி விளையாட்டை நாளையே வைக்கிறேன். இடத்தை வைத்தே சாயல் மாறுகிறது என்பதை அது ஒரே மூச்சில் காட்டிவிடுகிறது. ‘குழந்தை’ கேட்ட சிறுமிக்கும் அதில் விடை இருக்கிறது.

ஒப்புமைதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அந்த ‘நோயாளி’ கேள்விக்கு என்ன சொல்வது?

பழையபாடம்:

எதுவும் சொல்ல வேண்டாம். இந்த நான்கு சொல் புதிர்களையே விட்டுவிடுங்கள். தேர்வுக்காரர்கள் கண்டுபிடித்த கோடிட்ட இடம் அது. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்விலிருந்தே 2005இல் எடுத்துவிட்டார்கள். நல்ல கதைகளைப் படிக்கக் கொடுங்கள், சாயல் தானாக வரும்.

மெய்ப்புக்காரன்:

படித்தால் வரும் என்பதில் பாதி உண்மை. நிறையப் படிப்பவர்கள் எழுதுவதைத்தான் நான் நாள் முழுவதும் திருத்துகிறேன்.

நான்கு சொல் கணக்கு தேர்வுக்காரர்களுடையதும் அல்ல. அரிஸ்டாட்டில் கவிதையியலில் அதைப் போட்டிருக்கிறார்: முதுமைக்கு வாழ்க்கை எப்படியோ, மாலைக்குப் பகல் அப்படி. இதைக் குறுக்காக மாற்றிப் போட்டால் மாலை ‘பகலின் முதுமை’ ஆகிறது; முதுமை ‘வாழ்வின் அந்தி’ ஆகிறது. உருவகம் பிறக்கும் இடம் அதுதான். உங்கள் பிள்ளைகள் கோடிட்ட இடத்தை நிரப்பியதோடு நிற்காமல் இந்தக் குறுக்கு மாற்றத்தையும் செய்து பார்க்கட்டும். பொருந்தாத ஒப்புமை அப்போது உடனே பல்லைக் காட்டிவிடும். மருத்துவர் கணக்கில் செய்து பாருங்கள்: ஆசிரியர் ‘மாணவர்களின் மருத்துவர்’, சரி, மரியாதையாக இருக்கிறது. மாணவர் ‘ஆசிரியரின் நோயாளி’. கடைசி வரிசைப் பிள்ளை இதைத்தான் ஒரு நொடியில் செய்தது.

நம் பக்கத்திலும் கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல் “வினைபயன் மெய்உரு என்ற நான்கே” என்று உவமை பிறக்கும் இடங்களை நான்காக்குகிறது. புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போன்ற கை என்பது பயன். துடி (உடுக்கை) போன்ற இடை என்பது மெய், அதாவது வடிவம். பொன் போன்ற மேனி என்பது உரு, அதாவது நிறம். பிள்ளைகளிடம் ‘எதில் ஒத்திருக்கிறது?’ என்று கேட்டால் விழிப்பார்கள். ‘செய்வதிலா, தருவதிலா, வடிவத்திலா, நிறத்திலா?’ என்று கேட்டால் விரல் உயரும்.

சற்றுப் பின்னால் வரும் வரி இன்னும் முக்கியம்: “உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை.” உவமையாகக் கொண்டுவருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. இதை மனப்பாடம் செய்த காலத்தில் எனக்கு இது வெறும் விதி. இப்போது பார்த்தால் நாம் இங்கே பேசும் விஷயமே இதுதான். ஒப்பிடும் பொருள் சும்மா வருவதில்லை, தன் சாயலையும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. நாய் விழித்திருந்து காக்கிறது, நன்றி மறப்பதில்லை. வினையும் பயனும் கச்சிதம். ஆனால் “எங்கள் காவலர் நாய்போலக் காத்தார்” என்று எழுதிப் பாருங்கள்.

ஆகவே சாயல் ஒரு பாடம், ஒப்புமை ஒரு பாடம் என்று பிரிக்காதீர்கள். ஒரே பாடமாக எடுங்கள். ‘தலைமையாசிரியர் எறும்புபோல உழைத்தார், மாடாய் உழைத்தார், கழுதைபோல உழைத்தார்.’ மூன்றிலும் வினை ஒன்றே. முதலாவதைப் படித்தால் தலைமையாசிரியர் மகிழ்வார். இரண்டாவதைப் படித்தால் பெருமூச்சு விடுவார். மூன்றாவதை எழுதியவனை அழைத்து விசாரிப்பார்.

ஆய்வகச்சாவி:

அறிவியல் ஆசிரியர். தமிழ்ப் பகுதிக்குள் எட்டிப்பார்ப்பதற்கு மன்னிக்கவும் (பம்மவில்லை).

எங்களுக்கு ஒப்புமை இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. மின்னோட்டம் நீரோட்டம் போன்றது என்போம். மின்னழுத்தத்துக்கு நீரின் அழுத்தம், கம்பிக்குக் குழாய். போன ஆண்டு ஒரு மாணவி, பயன்படுத்தாத மின்துளையில் எல்லாம் அடைப்பான் வேண்டாமா, மின்சாரம் ஒழுகிவிடாதா என்று கேட்டாள். குழாய் உடைந்தால் நீர் கொட்டும். கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும், கொட்டாது. ஒப்புமை முறியும் இடம் அது. அதன் பிறகு நான் ஒவ்வொரு ஒப்புமைக்கும் ‘எங்கே பொருந்தவில்லை?’ என்று ஒரு வரி எழுத வைக்கிறேன். அணுவையும் சூரியக் குடும்பத்தையும் ஒப்பிடும் பாடத்தில் அந்த ஒரு வரி சில பிள்ளைகளுக்கு அரைப் பக்கம் போகிறது.

வயதும் ஒரு காரணம். ‘மேகம் நீரை உறிஞ்சும் பஞ்சு போன்றது’ என்றால் சின்னக் குழந்தைகள் ‘இரண்டும் மெத்தென்று உருண்டையாக இருக்கும்’ என்பார்கள். வளர்ந்தவர்கள் ‘இரண்டும் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பித் தரும்’ என்பார்கள். டெட்ரே ஜென்ட்னர் என்ற உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மெய்ப்புக்காரன் சொன்ன நான்கில் மெய்யும் உருவும் முதலில் கண்ணில் படும், வினையும் பயனும் பிறகு என்று சொல்லலாமோ?

மெய்ப்புக்காரன்:

சொல்லலாம். நான் சொன்னதாகவும் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாம்மணி:

கரும்பலகை, நடைமுறைக்கு ஒன்று. கோடிட்ட இடத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் விடையை எழுதிவிடுவார்கள், உறவை யோசிக்க மாட்டார்கள். விடைக்கு முன் ஒரு வாக்கியம் கட்டாயம் என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு சொற்களும் அந்த வாக்கியத்தில் வர வேண்டும். பிறகு அதே வாக்கியத்தில் அடுத்த இரண்டையும் வைத்துப் படிக்க வேண்டும்.

இலை : மரம் :: பக்கம் : ? என்று கொடுத்தேன். ஒருவன் எழுதிய வாக்கியம்: ‘இலை மரத்தில் இருக்கும்.’ விடை: மேசை. ‘பக்கம் மேசையில் இருக்கும்’ என்று படித்துக் காட்டினான், அவனுக்குத் திருப்தி. வாக்கியத்தை இறுக்கச் சொன்னேன். ‘இலை மரத்தின் ஒரு பகுதி’ என்றான். மேசை தானாகக் கழன்றது, புத்தகம் வந்தது. “இன்னும் இறுக்கு” என்றேன். ‘மரத்தில் பல இலைகள் இருக்கும், ஓர் இலை உதிர்ந்தாலும் மரம் மரமாகவே இருக்கும்.’ அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் கிழிந்தால் புத்தகம் முழுப் புத்தகமா? கடைசிப் பக்கமாக இருந்தால்? துப்பறியும் கதையாக இருந்தால்? மணி அடித்த பிறகும் நிற்கவில்லை.

வரிசை மாறும் பிழையையும் (இலை : மரம் :: புத்தகம் : பக்கம்) இந்த வாக்கியமே பிடித்துவிடும். நீங்கள் திருத்த வேண்டியதில்லை.

வெண்சுண்ணம்:

விடைத்தாள் திருத்தும்போது இதற்கு மதிப்பெண் எப்படி? ‘மேசை’க்குச் சுழியமா?

இரண்டாம்மணி:

வாக்கியத்துக்கு ஒன்று, விடைக்கு ஒன்று. ‘மேசை’ எழுதியவனுக்கு ஒன்று கிடைக்கும். விடைக்குறிப்பில் ஒரே சொல்தான் இருக்கிறது என்று மேலே இருப்பவர்கள் கேட்டால் வாக்கியத்தைக் காட்டுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

நிழல்மரம்:

இடையில் ஒரு சந்தேகம். இலக்கணப் பாடத்தில் மங்கலம், இடக்கரடக்கல் (பலர்முன் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வது) என்று வருகிறதே, அதுவும் இந்தச் சாயல் கதைதானே? என் மகள் வரையறையை ஒப்பிக்கிறாள். எதற்கு என்று கேட்டால் “தேர்வுக்கு” என்கிறாள்.

மெய்ப்புக்காரன்:

அதேதான். நன்னூல் தகுதி வழக்கு என்று சொல்லும் மூன்றில் அவை இரண்டு. விளக்கை ‘அணை’ என்னாமல் ‘குளிர வை’ என்பது மங்கலம். அணைப்பதும் குளிர வைப்பதும் ஒரே வேலை, விளக்குக்கு வேறுபாடு தெரியாது. கேட்பவருக்குத் தெரியும்.

என் மேசையில் தினமும் நடப்பது ஒன்று. ஒரே நிகழ்வுக்கு இறந்தார், காலமானார், மறைந்தார், உயிர்நீத்தார், இயற்கை எய்தினார், செத்தான். தலைவர் என்றால் ‘மறைந்தார்’, விபத்து என்றால் ‘மூவர் பலி’. யாருக்கு யார் பலி கொடுத்தார்கள் என்று ஓரத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன்; இடம் குறைவு என்று பதில் வந்தது. வகுப்பில் ‘இதை யார், யாரைப் பற்றிச் சொல்வார்கள்?’ என்று கேட்டு எடுக்க நல்ல வரிசை. ஆனால் வெண்சுண்ணம் சொன்னதை நினைவில் வையுங்கள். வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்த பிள்ளை இருந்தால் அந்த ஆண்டு வேண்டாம்.

கரும்பலகை:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வரி விளையாட்டு எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போயிற்று. ‘நான் பகிர்ந்தேன், நீ காட்டிக்கொடுத்தாய், அவன் பார்த்து எழுதினான்’ என்று ஒரு குழு எழுதியது. தேர்வு அறையின் முழு வரலாறும் அதில் இருக்கிறது. கயிறு ஒரு முறை அறுந்து விழுந்தது. ஆய்வகச்சாவியின் ‘எங்கே பொருந்தவில்லை?’ வரியையும் சேர்த்துக்கொண்டேன்.

சூழ்ச்சிப் பையன் கட்டுரையைத் திருத்தி எழுதினான். ‘திட்டமிடுதல்’ அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. வகுப்பே சேர்ந்து ‘மதிநுட்பம்’, ‘தொலைநோக்கு’, ‘சாமர்த்தியம்’ என்று அட்டைகளை மாட்டியது. ‘சாமர்த்தியம்’ ஏன் கொஞ்சம் கீழே போகிறது என்று பத்து நிமிடம் வாதம். கடைசியில் ‘தொலைநோக்கு’ எடுத்துக்கொண்டான். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘ஊர் மாறிவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். “எந்த ஊருக்கு?” என்று கேட்கிறான். மெய்ப்புக்காரன் பதில் சொல்லட்டும்.

நோயாளி கேள்வி கேட்ட பிள்ளையிடம், மருத்துவருக்குப் பதிலாக நீயே ஒன்று கொண்டுவா என்றேன். மறுநாள் ‘தோட்டக்காரர் : செடி’ என்று கொண்டுவந்தான். நீர் ஊற்றுகிறார், வளர்க்கிறார், எல்லாம் பொருந்தியது. ‘எங்கே பொருந்தவில்லை?’ வரியில் அவனே எழுதியிருந்தான்: “செடி ஓடிப்போக முடியாது. தோட்டக்காரர் கத்தரிக்கோல் வைத்திருக்கிறார்.”

வெண்சுண்ணத்துக்கு ஒரு முறையீடு. இந்த வாரம் வந்த முப்பத்திரண்டு கட்டுரைகளில் பத்தொன்பதில் யாராவது ஒருவர் பம்முகிறார். ‘என் கோடை விடுமுறை’ கட்டுரையில் ஒருத்தியின் பாட்டி பம்முகிறார். இதை எப்படி நிறுத்துவது?

வெண்சுண்ணம்:

பாட்டி எதற்காகப் பம்முகிறார் என்று எழுதியிருக்கிறாளா?

கரும்பலகை:

தூங்கும் பேத்தியை எழுப்பாமல் அறையைக் கடப்பதற்காக.

வெண்சுண்ணம்:

விட்டுவிடுங்கள். அது சரியான சொல்.